ஓ-ரிங் மேல் பழி போட்டு ஆறு வாரம் தொலைத்தேன்

தண்ணீருக்கடியில் இறக்கும் என் கேமராப் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் கிடந்தது. அதை எப்படியாவது நல்ல விதமாக விளக்கிவிடத்தான் மனசு முதலில் பார்த்தது. "உள்ளே இருந்த காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டேன். துடைத்துவிட்டு, இரண்டு சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மூடி, மறுநாளே திரும்ப இறக்கினேன். அந்தச் சமாதானத்துக்குக் கடைசியில் நான் கொடுத்த விலை ஒரு கேமரா, இரண்டு மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகள், ஒரு பேட்டரித் தொகுப்பு, ஆறு வாரம். பெட்டிக்குச் செலவழித்ததைப் போல இரண்டு பங்கு அதற்குள் இருந்ததில் போனது. தண்ணீருக்கடியில் போகும் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு தனியாக மல்லுக்கட்டுகிற யாராவது இதைப் படித்தால், அந்த ஆறு வாரத்தில் பாதியாவது மிஞ்சட்டும்.

பெட்டி எளிமையானதுதான். அலுமினியக் குழாய், உள்விட்டம் 100 மி.மீ., நீளம் 300 மி.மீ. இரு முனையிலும் ஆறு போல்ட் வைத்து இறுக்கும் மூடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓ-ரிங், அதாவது இடுக்கில் அழுந்தித் தண்ணீரை நிறுத்தும் ரப்பர் வளையம். கேமரா பார்க்கும் பக்கம் தெளிந்த அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) மூடி. மறுபக்க மூடியில் நான்கு கேபிள் நுழைவுகளும், காற்றை வெளியேற்ற ஒரு சின்னத் திருகும். 30 மீட்டர் ஆழம்தான் இலக்கு. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்ற கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 3 கிலோ. 100 மி.மீ. வட்டத்துக்கு 78 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, ஒவ்வொரு மூடியின் மேலும் 235 கிலோ ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த "காற்றின் ஈரம்" வாதத்தை முதல் நாளே ஒரு கணக்கால் உடைத்திருக்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் முழுக்க ஈரம் ஏறிய காற்றே கன மீட்டருக்கு 30 கிராம் தண்ணீர்தான் தாங்கும். என் பெட்டியின் கொள்ளளவு 2.3 லிட்டர். உள்ளே இருக்கிற மொத்த ஈரத்தையும் பிழிந்து எடுத்தாலும் 0.07 கிராம், அதாவது ஒரு சொட்டு, மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சொட்டு. கண்ணாடி மங்கும், மெல்லிய பனி படியும், அவ்வளவுதான். தேக்கரண்டி அளவு தண்ணீர் காற்றிலிருந்து வரவே முடியாது. கொஞ்சமாகக் கிடந்து, ஈரமா கசிவா என்று குழப்பமாக இருந்தால் அந்தச் சொட்டை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டில் விட்டுக் காயவையுங்கள். கடல் நீர் என்றால் வெள்ளையாக உப்பு பூக்கும், காற்றின் ஈரம் தடமே இல்லாமல் போய்விடும். சிலிக்கா ஜெல் கண்ணாடி மங்காமல் இருக்க மட்டும்தான். கசிவுக்கு அது மருந்தில்லை. சொல்லப்போனால் முதல் சில மில்லி தண்ணீரை அது குடித்துவிட்டு, கசிவை நம்மிடமிருந்து மறைத்துவிடும்.

இரண்டாவது நாளும் தண்ணீர். இந்த முறை ஓ-ரிங்கைப் பிடித்தேன். எல்லோரும் அதைத்தான் பிடிப்பார்கள், கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி அது ஒன்றுதானே. புது ரிங் போட்டேன், கிரீஸைத் தாராளமாக அப்பினேன், போல்ட்டை இன்னும் முறுக்கினேன். மூன்றுமே பெரிய பயனில்லாத வேலை, பின்னிரண்டும் கெடுதல்கூட. ரிங்கில் கிரீஸ் பூசுவது அது காடியில் (ரிங் உட்கார வெட்டிய பள்ளத்தில்) முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்கார்வதற்காகத்தான். தண்ணீரை நிறுத்துவது அழுந்திய ரப்பர். விரலில் எடுத்துத் தடவி, ரிங் பளபளத்தால் போதும். கட்டியாக வெள்ளை தெரிந்தால் அது மணலையும் துணி நூலையும் கூப்பிட்டு உட்காரவைக்கும். கிரீஸ் வகையும் முக்கியம். நைட்ரைல் ரப்பர் ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் பொருந்தும். சிலிக்கோன் ரப்பரால் ஆன ரிங்குக்கு அதே சிலிக்கோன் கிரீஸ் போட்டால் ரிங் ஊதிப்போகும். ஈபிடிஎம் என்ற ரப்பர் ரிங்குக்குப் பெட்ரோலிய கிரீஸ் ஆகாது. உங்கள் ரிங் எந்த ரப்பர் என்று தெரியாமல் கையில் கிடைத்த கிரீஸை எடுக்காதீர்கள்.

போல்ட் விஷயம் இன்னும் மோசம். மூடியும் குழாயும் ஒன்றோடொன்று முட்டும்வரை இறுக்கியதும் ரிங்குக்குக் கிடைக்க வேண்டிய அழுத்தம் கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு முறுக்கினாலும் ரிங்குக்கு அது தெரியாது. ஆனால் அக்ரிலிக் மூடி போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் வில்லாக வளையும், அந்த இடத்தில் இடைவெளி திறக்கும். எதிரெதிர் போல்ட்டாக, இரண்டு மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இங்கே நான் செய்த இன்னொரு முட்டாள்தனம், அக்ரிலிக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தது. போல்ட் துளைகளைச் சுற்றி நரம்பு நரம்பாக விரிசல் ஓடியது. ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்குக்கு ஆல்கஹாலும் அசிட்டோனும் எதிரி. போல்ட் கழலாமல் இருக்கப் போடும் பசையும் அப்படித்தான். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியுமே போதும்.

ரிங்கை மாற்றுவதற்குப் பதில் அது உட்காரும் காடியை முதலில் பார்த்திருக்க வேண்டும். என் ரிங்கின் தடிமன் 3 மி.மீ. தட்டையான மூடிக்கு அது 20 முதல் 30 சதவீதம் வரை அழுந்தலாம், அதனால் காடியின் ஆழம் 2.3 மி.மீ. அகலம் 4 மி.மீ. ரப்பர் அழுந்தும், ஆனால் அதன் கன அளவு குறையாது. பக்கவாட்டில் ஒதுங்க இடம் வேண்டும். காடியில் நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேல் நிரம்பினால் சரி. முழுக்க நிரம்பினால் மூடி மேலே தூக்கிக்கொள்ளும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. நம் பெட்டியில் அழுத்தம் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. ஆகவே ரிங் காடியின் உட்சுவரை ஒட்டி உட்கார வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கும் பாத்திரங்களுக்குப் போடும் அளவைப் பார்த்து வெளிச்சுவரை ஒட்டி ரிங் வாங்கினால், இறங்க இறங்க அது உள்ளே நகரும், நகரும்போது கசியும். காடியின் அடியை நகத்தால் தடவிப் பாருங்கள். வட்டத்தோடு ஓடும் லேத் கோடுகள் பரவாயில்லை. குறுக்கே ஓடும் ஒரு கீறல், நகத்தில் தட்டினால், அது தண்ணீருக்குப் போட்ட வாய்க்கால். அந்தக் கீறல் பெரும்பாலும் ரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கும்போது நாமே போட்டதாக இருக்கும். பல் குத்தும் குச்சியோ பழைய பிளாஸ்டிக் அட்டையின் மூலையோ போதும். அதுவும் கையில் இல்லையென்றால், இரு விரலால் ரிங்கை ஒரு பக்கமாகத் தள்ளினால் மறுபக்கம் வளையமாக எழும்பும், பிடித்து இழுத்துவிடலாம்.

நீண்ட நாள் அழுந்தியே கிடந்த ரிங் வட்டமாகத் திரும்பாமல் தட்டையாகவே நிற்கும். அதன்பின் அது வெறும் ரப்பர் பட்டைதான். குளிரிலும் ரப்பர் சோம்பலாகத்தான் திரும்பும். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு நடந்த விசாரணையில் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு ரிங் ரப்பர் துண்டைக் கிடுக்கியில் அழுத்தி ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டியது இதைத்தான். நமக்கு அவ்வளவு குளிர் இல்லை, ஆனாலும் பெட்டியை மூடிவைத்து மாதக்கணக்கில் அலமாரியில் விட்டாலும் ரிங் வட்டமாகத் திரும்புவதில்லை.

இவ்வளவும் சரிசெய்தேன். இறக்கினேன். திரும்பவும் தண்ணீர். அன்றைக்கு வந்த எரிச்சலில் பெட்டியையே ஆழத்தில் விட்டுவிடலாமா என்றிருந்தது.

அப்போது ஒரு பாதித் தகவல் என்னை இன்னும் குழப்பியது. "ரிங்கில் கோளாறு என்றால் ஆழத்தில் கசியாது, மேலேதான் கசியும்" என்பது அது. இது ஓரளவு உண்மைதான். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ரிங்கைத் தள்ளும் விசை குறைவு, ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் அதன் ஓரமாக நுழைந்துவிடும். ஆழம் போகப் போகத் தண்ணீரே ரிங்கைச் சுவரோடு அறைந்து அடைக்கும். அதனால்தான் நிறையப் பெட்டிகள் ஆழத்தில் தாங்கிவிட்டு, மேலே வந்து கழுவும் தொட்டியில் நனைகின்றன. என் பெட்டியோ ஆழமாக, நெடுநேரம் போனால்தான் நனைந்தது. அழுத்தம் கூடக் கூடக் கசிவு கூடுகிறது என்றால் வழி எங்கேயோ திறந்தே கிடக்கிறது, ரிங் போலத் தானே மூடிக்கொள்ளும் இடத்தில் இல்லை என்று அர்த்தம். அந்த அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்ததாகக் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை. காற்றுத் திருகுக்குப் பதில் ஒரு முனையைப் பொருத்தி, கையால் இயக்கும் பம்பால் உள் அழுத்தத்தை 500 மில்லிபார் (ஏறத்தாழ அரை வளிமண்டல அழுத்தம்) குறைத்தேன். ஐந்து நிமிடம் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தேன். முள் அசையவில்லை. அப்பாடா என்று இறக்கினேன். இம்முறை தேக்கரண்டி இல்லை, பாதிப் பெட்டி தண்ணீர். கேமராவும் பலகைகளும் போனது அன்றுதான்.

ஐந்து நிமிடம் ஏன் போதவில்லை என்பதைப் பிறகு கணக்குப் போட்டேன். என் கேஜில் ஒரு கோடு 20 மில்லிபார். ஐந்து நிமிடத்தில் 3 மில்லிபார் ஏறியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 2.3 லிட்டர் பெட்டியில் அது மணிக்குக் கிட்டத்தட்ட 80 மில்லி காற்று நுழைவதற்குச் சமம். தண்ணீர் காற்றைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது, அதனால் அதே வழியில் அதே அழுத்தத்தில் மணிக்கு ஒன்றரை மில்லிதான் நுழையும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் 30 மீட்டரில் அழுத்தம் ஆறு மடங்கு. நான்கைந்து மணி நேரம் கீழே கிடந்தால் ஒரு டம்ளரில் கால் பங்கு. வழி கொஞ்சம் அகன்றாலும் கணக்கு எகிறிவிடும். ஆகவே உறிஞ்சிவிட்டு இரண்டு மணி நேரமாவது விடுங்கள். முடிந்தால் இரவு முழுக்க. வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். பத்து டிகிரி மாறினால் உள் அழுத்தம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறும். வெயில் ஏறும்போது கசிவே இல்லாமல் முள் நகரும், குளிரும்போது கசிவு இருந்தும் முள் நிற்கும். முழு வெற்றிடமே உண்டாக்கினாலும் அது பத்து மீட்டர் ஆழத்துக்குத்தான் சமம் என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்தச் சோதனை ஓட்டையைக் கண்டுபிடிக்கும், பெட்டியின் பலத்தைச் சொல்லாது. அதிக அழுத்தத்தில் சோதிக்க வேண்டுமென்றால் தண்ணீரால் மட்டும். காற்றை அமுக்கிச் சோதித்தால் உடையும்போது வெடிகுண்டுதான்.

பாதி நிரம்பிய பெட்டியை நான் திறந்த விதத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ஆழத்தில் தண்ணீர் புகுந்த பெட்டிக்குள் அழுத்தம் அடைபட்டிருக்கலாம். உப்பு நீரில் மின்சாரம் ஓடினால் ஹைட்ரஜனும் குளோரினும் உண்டாகும். லித்தியம் பேட்டரி உள்ளே இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து தனி. முதலில் காற்றுத் திருகை மெதுவாகத் தளர்த்தி, மூடிகளை முகத்துக்கு நேரே பிடிக்காமல், திறந்த வெளியில் திறக்க வேண்டும். நனைந்த பேட்டரியைத் தனியே எடுத்து, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வெளியே வைத்துவிட வேண்டும். திரும்பப் பயன்படுத்த ஆசைப்படாதீர்கள். மற்றப் பலகைகளைக் காயவைக்கத்தான் எல்லோரும் ஓடுவார்கள், நானும் ஓடினேன். அது தப்பு. மின்சாரத்தைத் துண்டித்தவுடன் காய்ச்சி வடித்த நீரில், அது இல்லையென்றால் நல்ல தண்ணீரில், அலசி எடுத்து உப்பை வெளியேற்ற வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகுதான் காயவைப்பது. உப்போடு காய்ந்த பலகை அடுத்த வாரம் பச்சை பூத்துச் சாகும். என் இரண்டில் ஒன்று இரண்டு நாள் வேலை செய்துவிட்டு அப்படித்தான் செத்தது.

அதன்பிறகுதான் மாற்றுவதை நிறுத்திவிட்டுத் தேட ஆரம்பித்தேன். முதலில் உள்ளே எதுவும் இல்லாத வெறும் பெட்டி. நான்கு கேபிள் நுழைவுகளிலும் அடைப்பான் திருகு. உள்ளே ஒவ்வொரு ரிங்குக்கும் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் டிஷ்யூ தாள் ஒட்டி, அதில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தேன். தண்ணீரில் கரையும் மை வேண்டும், நிரந்தர மார்க்கர் உதவாது. தண்ணீர் உள்ளே வந்தபின் உருண்டு தாழ்ந்த இடத்துக்குப் போய்விடும், அது எங்கே கிடக்கிறது என்பதில் ஒரு துப்பும் இல்லை. எந்தப் புள்ளி முதலில் கரைந்தது என்பதுதான் துப்பு. வெறும் பெட்டி மிதக்கும். என்னுடையது 3 லிட்டர் தண்ணீரை ஒதுக்கியது, ஆகவே பெட்டியும் கட்டிய எடையும் சேர்ந்து 3 கிலோவைத் தாண்ட வேண்டியிருந்தது. கல்லைக் கட்டினால் கல்லும் தன் பங்குக்குத் தண்ணீரை ஒதுக்கும், ஈயம் நல்லது. நான்கு மணி நேரம் கழித்து எடுத்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. நான் மூன்று முறை மாற்றிய ஓ-ரிங் முதல் நாளிலிருந்தே குற்றமற்றது.

பிறகு அடைப்பான்களை ஒவ்வொன்றாக எடுத்து கேபிள்களைப் பொருத்தினேன். மூன்றாவது கேபிளில் புள்ளி கரைந்தது. அந்த நுழைவின் சின்ன ரிங்கை மாற்றினேன் (புத்தி அவ்வளவுதான்), இன்னொரு வாரம் போனது. திரும்பவும் கரைந்தது. அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். நுழைவைச் சுற்றி எங்கும் ஈரமில்லை. கேபிளின் வெட்டிய முனையில், செம்பு நூல்களுக்கு நடுவிலிருந்து, ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உறையை உரித்தால் உள்ளே செம்பு ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப் பச்சை பிடித்திருந்தது. தண்ணீர் பெட்டியின் எந்த மூட்டிலும் நுழையவே இல்லை. கேபிளுக்குள்ளேயே பயணம் செய்து, எல்லா ரிங்குகளையும் தாண்டி, முன்வாசல் வழியாக வந்திருக்கிறது.

எங்கே நுழைந்தது என்று பார்க்க, பெட்டிக்குள் 0.2 பார் அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றினேன். இது மூடியை 16 கிலோ விசையில் வெளியே தள்ளும், அதற்கு மேல் போகக் கூடாது. கேபிளைச் சோப்புத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போனேன். பெட்டியிலிருந்து அரை மீட்டர் தள்ளி, பெட்டியைத் தாங்கும் சட்டத்தின் கூரான விளிம்பில் உரசிய இடத்தில், ஊசி முனை அளவு காயம். அங்கிருந்து நுரை எழுந்தது. ஆழத்தில் இருக்கும்போது வெளியே மூன்று பார் அதிகம், உள்ளே சாதாரணக் காற்று. நூல் நூலாக முறுக்கிய செம்புக்கு நடுவே உள்ள இடைவெளி நீண்ட குழாயாக வேலை செய்திருக்கிறது.

கேபிளை மாற்றியதோடு நான்கு நுழைவுகளையும் புதிதாக வார்த்தேன். இனி ஒரு காயம் பட்டாலும் தண்ணீர் பெட்டி வரை வரக் கூடாது அல்லவா. வெறுமனே வெளியுறையைச் சுற்றி எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) ஊற்றினால் போதாது. நுழைவுக்குள் வரும் இடத்தில் வெளியுறையை 30 மி.மீ. உரித்து, ஒவ்வொரு உள்கம்பியின் காப்பையும் நடுவில் 10 மி.மீ. சீவி, செம்பு நூல்களுக்கு நடுவே ஈயம் முழுக்க இறங்கும்படி சால்டர் செய்து, கம்பிகள் ஒன்றோடொன்று தொடாமல் விலக்கி, பிறகு எபாக்ஸி ஊற்ற வேண்டும். ஈயம் நூல்களின் இடைவெளியை அடைக்கும், எபாக்ஸி கம்பிகளின் இடைவெளியை அடைக்கும். வெளியுறையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உறை பாலியூரித்தேன் அல்லது பிவிசி என்றால் எபாக்ஸி பிடிக்கும். பாலித்தீன், டெஃப்லான், சிலிக்கோன் உறைகளில் பிடிக்காது, எவ்வளவு தேய்த்தாலும் காய்ந்தபின் உரிந்து வரும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி இதற்கு வேண்டாம். 24 மணி நேரம் எடுக்கும் நீர்த்த வகையை எடையிட்டுக் கலந்து, சிரிஞ்சால் அடியிலிருந்து மேலாக நிரப்பினால் காற்றுக் குமிழ் சிக்காது.

கேபிள் கிளாண்டு (கேபிள் நுழையும் துளையில் அதை இறுக்கிப் பிடிக்கும் பொருத்தி) வாங்குகிறவர்கள் ஐபி68 என்ற நீர்புகாத் தரக் குறியீட்டைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர், அரை மணி நேரம். ஐபி68க்கு ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் சொல்வதுதான், அந்த வரியைத் தேடிப் படியுங்கள். எத்தனை நல்ல கிளாண்டானாலும் அது கேபிளின் வெளிப்பக்கத்தைத்தான் பிடிக்கும். என் கதை நடந்தது உள்பக்கத்தில்.

இப்போது ஒவ்வொரு முறையும் இறக்குவதற்கு முந்தைய இரவு 500 மில்லிபார் உறிஞ்சி விட்டுவிடுகிறேன். காலையில் அதே வெப்பநிலையில் 20 மில்லிபாருக்குள் இருந்தால்தான் இறங்கும். சோதனை முடிந்து பம்பைக் கழற்றிக் காற்றுத் திருகைப் போடும்போது அந்தத் திருகின் சின்ன ரிங் சோதிக்கப்படாமலே தண்ணீருக்குள் போகிறது. அதை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போடுகிறேன். உள்ளே கசிவு உணரி இரண்டு, இரு முனையிலும் ஒவ்வொன்று, ஏனென்றால் இறங்கும்போது ஒரு முனை தாழ்கிறது, ஏறும்போது மறுமுனை. மேலே வந்ததும் திறப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முழுக்கத் துடைத்து, மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறக்கிறேன், விளிம்பில் நிற்கும் சொட்டு உள்ளே விழாமல் இருக்க. அலமாரிக்குப் போகும்போது போல்ட்டைத் தளர்த்தி, ரிங்கை எடுத்துத் தனிப் பையில். டிஷ்யூ தாளும் ஸ்கெட்ச் பேனாப் புள்ளியும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. அதை எடுத்துவிட இன்னும் தைரியம் வரவில்லை.